கோமதிநாயகத்தின் இடது கன்னம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதல்லயே சொல்லிப்புடுதேன். பின்னால வந்து, "ஏ பேச்சிமுத்து, அன்னைக்கே நீ வாயைத் தொறந்திருந்தா என்னவே கெட்டுப்போயிருக்கும்"னு என்னைப் பிடிச்சு உலுக்கக் கூடாது பாருங்க. கையில கத்தி இருக்கிற வரைக்கும் எனக்கு நடுக்கம் கிடையாது, தேரித்துறையில என் கத்திக்குக் கழுத்தை நீட்டாத ஆம்பளையும் கிடையாது. ஆனா கத்தியை மடக்கி வச்சுட்டேன்னா, பல்லி சத்தம் போட்டாக்கூட நெஞ்சு திக்குனு ஆயிரும். அப்படிப்பட்டவன் கையில போயி ஒரு மனுஷனோட பாதி மொகம் மாட்டிக்கிச்சு, எல்லாம் என் தலையெழுத்து.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்க ஊருல ஒருத்தர் செத்துப்போனா மூணு பேரைத் தேடி ஆள் வரும். முதல்ல என்கிட்ட வருவாங்க, நான் போயிச் செத்தவருக்குச் சவரம் பண்ணி, தலை சீவி, நாக்காலியில சாயாம உக்கார வச்சு, இடுப்பைத் துண்டால கட்டுவேன். அடுத்தாப்புல போட்டாக்கார பாக்கியநாதன், மூணு கால் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் படம் எடுப்பாரு. மூணாவது கோமதிநாயகம் அண்ணாச்சி. நாடகக் கொட்டகைக்குச் சீன் எழுதுத ஓவியர் அவரு. அரமனையும் நந்தவனமும் காடும் கடலும் படுதாவுல எழுதி, ஊரையே வாயைப் பொளக்க வைக்கிறவரு. படம் காஞ்சு வந்ததும், மூடிக் கெடக்கிற ரெண்டு கண்ணையும் ஒத்தை மயிர்த் தூரிகையால அவருதான் தொறந்து விடணும். கண்ணு தொறந்த படத்தைச் செவத்துல மாட்டின பொறவுதான் அந்த வீட்டுல அடுப்பு பத்தும். எங்க ஊரு வழக்கம் அது, மத்த ஊருல எப்படின்னு எனக்குத் தெரியாது.

இப்படி மூணு பேரும் சேந்து ஊருல பாதிச் செவத்தை நெரப்பியிருந்தோம். எழவு வீட்டு வேலை முடிச்சு, கடல்ல ஒரு முங்கு முங்கிட்டு, ஈர வேட்டியோட டீக்கடையில உக்காந்தா, எவன் படம் எடுத்தான், எவன் கண்ணு எழுதினான், எவன் செரைச்சான்னு வித்தியாசம் கிடையாது. பேச்சும் சிரிப்புமா பொழுது போகும். அண்ணாச்சி மட்டும் அதிகம் பேச மாட்டாரு. தாடையைத் தடவிக்கிட்டு, எதுத்தாப்புல இருக்கிறவன் சட்டையில என்ன நெறம் வெளுத்திருக்குன்னு பாத்துக்கிட்டே இருப்பாரு.

அப்பத்தான் பாக்கியநாதனுக்குக் கிறுக்குப் பிடிச்சுது. உப்பு ஏத்த வந்த கப்பல்ல ஒரு வெள்ளைக்காரன், சீமையில எடுத்த படமெல்லாம் அச்சடிச்ச புஸ்தகம் ஒண்ணை அவருகிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான். அதுல நாக்காலி இல்லை, பூ ஜாடி இல்லை, பின்னால படுதா இல்லை. மொகம், மொகம், வெறும் மொகம். ஒருத்திக்கு நெத்தி படத்தோட ஓரத்துல வெட்டுப்பட்டுப் போயிருக்கு, ஒருத்தனுக்குக் கண்ணு மட்டும் தெரியுது, மத்ததெல்லாம் கும்மிருட்டு. நான் ரெண்டு பக்கம் பெரட்டிட்டு, "இதுல செத்தது யாரு, உசிரோட இருக்கிறது யாரு?"ன்னு கேட்டேன். பாக்கியநாதன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, நான் என்னமோ அவரு அப்பனைத் திட்டின மாதிரி.

"நாப்பது வருஷமா செத்தவனை உசிரோட இருக்கிற மாதிரி எடுத்து எடுத்து, உசிரோட வாரவனையும் பொணம் மாதிரித்தான் எடுக்கேன் பேச்சிமுத்து. ஒரே ஒரு படம், ஒரே ஒரு மனுஷனை உள்ளபடி எடுத்துட்டேன்னா நிம்மதியாச் செத்துருவேன்"னு சொன்னாரு.

ஊருல எவன் சம்மதிப்பான்? கடைசியில அண்ணாச்சிகிட்டப் போயி நின்னாரு. அண்ணாச்சி அதுவரைக்கும் ஒரு படத்துக்கும் உக்காந்ததில்லை. அடுத்தவன் கண்ணைத் தொறந்து விட்டே காலம் போயிட்டுது, தன் மொகத்தை எழுதியும் பாத்ததில்லை.

"என் படுதா முன்னாலதானே?"ன்னு கேட்டாரு. ஸ்டூடியோவுல தொங்குத படுதா அவரு எழுதினது, அரமனைப் படிக்கட்டும் குளமும் ரெண்டு அன்னமும் இருக்கும்.

"படுதா வேண்டாம் வே, சுருட்டி வைக்கப் போறேன்" அப்படின்னாரு பாக்கியநாதன்.

"நான் எழுதின அன்னம் என்னவே பண்ணுச்சு உம்ம?"

"அன்னத்தைத்தான் எல்லாரும் பாக்காவ. நான் உம்ம பாக்கணும்."

அண்ணாச்சி தாடையைத் தடவினாரு. பொறவு சரின்னுட்டாரு. கூட்டாளி கேட்டா மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் அவருக்கு வினையாப் போச்சு.

ஆடி மாசம், புதன்கிழமை, காலைல பத்து மணி இருக்கும். நான்தான் சவரம் பண்ணி விட்டேன். பாக்கியநாதன் எல்லா சன்னலையும் சாத்தி, ஒத்தைச் சன்னலை மட்டும் தொறந்து வச்சாரு. வலது கன்னத்துல வெயில் விழுந்துது, இடது பக்கத்துல ஒண்ணும் விழல. "தூரிகையை நட்டமாப் பிடிச்சு, மூக்குக்கு நேரா வையும். பொட்டியைப் பாக்காதேயும், தூரிகையைப் பாரும். நான் எட்டு எண்ணுத வரைக்கும் மூச்சு விடாதேயும்"னு சொல்லிட்டுத் துணிக்குள்ள போயிட்டாரு. ஒண்ணு, ரெண்டுன்னு அவரு எண்ண எண்ண, நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஏன்னு கேட்டா இன்னைக்கும் சொல்லத் தெரியாது.

படம் வந்துது. இப்ப நெனைச்சாலும் புல்லரிக்கும். வலது பக்கம் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியுது, கண்ணுல சன்னல் தெரியுது, உதட்டோரத்துல அண்ணாச்சி சொல்லாம வச்சிருக்கிற சிரிப்புகூடத் தெரியுது. நடுவுல தூரிகை, கோடு கிழிச்ச மாதிரி. அதுக்கு அந்தப் பக்கம் இருட்டு. "கண்ணாடித் தகட்டுல பென்சில் வச்சுக் கொஞ்சம் வெளிச்சம் ஏத்துமேன்"னு சொன்னேன், தகட்டுல பென்சில் பட்ட எடம் படத்துல வெளுப்பா விழும், வழக்கமா செய்யுததுதானே. "இந்தப் படத்துல பென்சில் பட்டா என் கை அழுகிப் போகட்டும்"னாரு பாக்கியநாதன். அந்த மனுஷன் அன்னைக்கு அழுதாரு, சந்தோசத்துல.

மறுநாள் காலைல அண்ணாச்சி பல்லு வெளக்கக் கிணத்தடிக்கு வந்தப்போ, அவரு மொகத்துல இடது பாதி இருட்டா இருந்துது. காயமில்லை, கரியில்லை. நல்ல வெயிலுல, நடு முத்தத்துல, தூரிகை நின்ன அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. கண்ணு, கன்னம், காது ஒண்ணும் தெரியல. வாய் பாதி தெரிஞ்சுது, பேச்சு முழுசா வந்துது. "என்னவே எல்லாரும் இப்படிப் பாக்கிய?"ன்னு கேட்டாரு. அந்தப் பக்கத்துக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலங்கிறதே அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

சீயக்காய் போட்டுத் தேய்ச்சுப் பாத்தாவ, போகல. ஆஸ்பத்திரி டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. உள்ள போன வெளிச்சம் திரும்பி வரல, டார்ச்சைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, ரெண்டு வேளைக்கு மருந்து எழுதிக் குடுத்தாரு. கையை விட்டுப் பாத்தவங்க, கிணத்துக்குள்ள கையை நீட்டின மாதிரி சில்லுனு இருக்கு, ஒண்ணும் தட்டுப்படலன்னாங்க. அவரு சம்சாரம் ஆவுடையம்மா மதினி கையை விட்டுத் தொழாவினாவ, அவுகளுக்கும் கன்னம் கிடைக்கல. அண்ணாச்சியே தடவிப் பாத்தாரு. டர்ப்பன்டைன்ல ஊறி மரத்துப்போன வெரலு, அதுக்கு என்ன தெரியும்?

ரெண்டு நாள் ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்துது. மூணாம் நாள், எத்தனை நாள்தான் சாத்திக்கிட்டுக் கெடக்கன்னு தொறந்துட்டாங்க, பொறவு பாத்தா இருட்டும் ஊரோட ஊரா ஆயிப்போச்சு. டீக்கடையில கிளாசை அவரு வலது கைப் பக்கமா வைக்கப் பழகினாங்க, பந்தியில அவரைச் செவத்தோரமா உக்கார வச்சு இருட்டுப் பக்கத்தைச் செவத்துக்குத் திருப்பி விட்டாங்க, கோயில்ல பூசாரி துந்நூறை நெத்தியில பாதிக்கு மட்டும் பூசிட்டு மீதியைக் கையில குடுத்தாரு, மீன்காரி தன் கூடையை அவருக்கு இடது பக்கமாக் கொண்டு வச்சா மத்தியானம் வரைக்கும் மீனு கெடாதுன்னு கண்டுபிடிச்சா, தெருப் பூனையெல்லாம் வெயிலுக்கு அவரு இடது தோளைத் தேடி வந்து படுத்துது, பள்ளிக்கூட வாத்தியாரு கிரகணப் பாடத்துக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போயி வகுப்புல நிறுத்தினாரு. அண்ணாச்சியும் கோவப்படாமப் போயி நின்னாரு.

ஆனா பயம் எங்க போகும்? அது வீட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டுது. ஒவ்வொரு வீட்டுலயும் செவத்துல இருந்த படத்தை எறக்கி, யாருக்கு எது விழல, எது வெட்டுப்பட்டிருக்குன்னு பாக்க ஆரம்பிச்சாங்க. கல்யாணப் படத்துல முட்டிக்குக் கீழ விழாத ஒருத்தி, ஒம்பது நாள் பாயை விட்டு எந்திரிக்கல. காது நெழலுல இருந்தவன் எல்லாத்துக்கும் "என்ன, என்ன"ன்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்சான். கடைசியில ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தாங்க. இனிமே தேரித்துறையில படம் எடுக்கணும்னா உச்சி வெயிலுல, வெட்டவெளியில எடுக்கணும். ரெண்டு காதும் தெரியணும், பத்து வெரலையும் முட்டி மேல விரிச்சு வைக்கணும், கால் பெருவெரல் வரைக்கும் படத்துல விழுந்தாகணும். எங்க ஊருப் பழைய படத்துல எல்லாரும் கண்ணு கூச, வெறச்சுப் போயி, வெரலை விரிச்சு வச்சுக்கிட்டு இருக்கிறதைப் பாத்துச் சிரிப்பீங்க. சிரிங்க, சிரிங்க. அந்தப் பயம் உங்களுக்கு என்ன தெரியும்.

இப்ப என் கதைக்கு வாரேன். படம் எடுத்த நாலாம் நாள், சனிக்கிழமை. அண்ணாச்சி வழக்கம்போல என் கடைக்கு வந்து உக்காந்தாரு. "பாதிக்குப் பாதிக் கூலியா வே?"ன்னு கேலி வேற. வலது பக்கம் முடிச்சேன். இடது பக்கத்துக்கு வந்ததும், என்னை அறியாம என் இடது கை தோலை இழுத்துப் பிடிக்கிறதுக்கு நேரா இருட்டுக்குள்ள போச்சு. சில்லுனு இருந்துது. கன்னம் கிடைச்சுது! அடேயப்பா, டாக்டருக்குக் கிடைக்காதது, பொண்டாட்டிக்குக் கிடைக்காதது, என் கைக்கு அப்படியே கிடைச்சுது. இருபது வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை தொட்ட கன்னமாச்சே. கண்ணுக்குக் கீழ, கொட்டகைச் சாரத்துலருந்து விழுந்தப்போ பட்ட தழும்பு. தாடையில, பல்லு சீழ் வச்சப்போ விழுந்த குழி. காதுக்குப் பக்கத்துல மச்சம், அதுல ரெண்டு மயிரு, அதிஷ்டம்னு சொல்லி வெட்ட விட மாட்டாரு. எல்லாம் இருந்த எடத்துல இருந்துது. முன்னால தெரிஞ்சு வச்சிருந்த கைக்கு மட்டுந்தான் அந்த இருட்டு வழி விட்டுதுன்னு எனக்கு வெளங்கிப்போச்சு. அண்ணாச்சி அந்த ஒத்தைக் கண்ணை மூடினாரு.

கையை வெளிய எடுத்தேன். என் பெருவெரல் நகம் மையாட்டம் கறுத்துப்போயிருந்துது.

வெரலை மடக்கிக்கிட்டேன். "கை எட்டல அண்ணாச்சி, உள்ள ஒண்ணும் தட்டுப்படல, வெளிச்சத்துல இருக்கிறதுக்கு மட்டும் பண்ணி விடுதேன்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன். எலுமிச்சம்பழம் தேய்ச்சேன், புளி தேய்ச்சேன், மண்ணெண்ணெய் ஊத்தினேன். நகம் வெளுக்க மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் நான் சோறு திங்கல. ஒத்தை நகம் போனது கை முழுக்கப் போனா, நான் கத்தியை எதால பிடிப்பேன், என் பிள்ளைகளுக்கு எதால கஞ்சி ஊத்துவேன்? இனிமே அந்தப் பக்கம் கை போகக் கூடாதுன்னு குலசாமி மேல சத்தியம் பண்ணிக்கிட்டேன்.

ஆவணி பொறந்துது. இருட்டு நகர ஆரம்பிச்சுது. முதல்ல மதினிதான் பாத்தாவ. மதினி ஒண்ணு சொல்லுவாவ: கல்யாணமாகி பதினெட்டு வருஷம் அவுக புருஷன் மொகத்தை நிமிந்து பாத்ததே கிடையாதாம். சோறு போடையில கையைப் பாப்பாவளாம், தெருவுல பின்னால நடக்கையில முதுகைப் பாப்பாவளாம், அவ்வளவுதான், அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்படி. மொகத்துல பாதி போன பொறவுதான், மீதியும் போயிருமோன்னு பயந்து, வெக்கத்தை விட்டுட்டுத் தெனமும் பாக்க ஆரம்பிச்சிருக்காவ. அப்படிப் பாத்ததுலதான், ஆடியில மூக்குத் தண்டோட நின்ன இருட்டு இப்ப வலது மூக்கு ஓட்டை வரைக்கும் வந்துட்டுதுன்னு கண்டுபிடிச்சாவ. வாரத்துக்கு ஒரு நெல்லு அகலம். மதினி ஒரு நூலால அளந்து அளந்து முடிச்சுப் போட்டு வச்சிருந்தாவ. வலது கண்ணுக்கு இன்னும் ஏழு முடிச்சுதான் பாக்கி.

கண்ணு ரெண்டும் போனா சீன் எழுதுத மனுஷன் என்ன செய்வாரு? முழு மொகமும் போனா அவரு இருக்காருங்கிறதுக்கே என்ன அத்தாட்சி? ஊரு வேற மாதிரிப் பயந்துது. "இது அவரைத் தின்னு முடிச்சுட்டு அடுத்தது யார்கிட்ட வரும்?"னு குசுகுசுன்னு பேசினாங்க. கூடையை அவரு பக்கத்துல வச்ச மீன்காரி எடத்தை மாத்திட்டா. பூனைகூட வரல. "அந்தக் கண்ணாடித் தகட்டை ஒடைச்சுப் போடுங்க"ன்னு ஒரு கூட்டம், "ஒடைச்சா அவரும் ஒடைஞ்சு போவாருலா"ன்னு ஒரு கூட்டம். கல்லைத் தூக்கிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போனவங்களை, மதினி வாசல்ல குறுக்க உக்காந்துக்கிட்டு விடல. "எம்மேல போட்டுட்டு உள்ள போங்க"ன்னாவ. காலைலருந்து பொழுது சாயுற வரைக்கும் அங்கயே இருப்பாவ, சாப்பாட்டுத் தூக்குச் சட்டியோட.

உள்ள பாக்கியநாதன் பைத்தியம் பிடிச்ச மாதிரி கெடந்தாரு. பென்சில் எடுப்பாரு, வைப்பாரு. அந்த ஏழுல ஆறாவது முடிச்சு விழுந்த அன்னைக்கு அண்ணாச்சி காலைப் பிடிச்சுக்கிட்டு, "என் படம் நாசமாப் போகட்டும் வே, நான் வரையுதேன், உம்ம மொகத்தைத் திருப்பிக் குடுத்துருதேன்"னு கதறிட்டாரு. ஆனா எதை வரைய? கண்ணாடித் தகட்டுல அந்தப் பக்கம் ஒண்ணுமே பதியல, வெறும் கண்ணாடி. அண்ணாச்சிக்கு வேற படமும் கிடையாது.

ஊரைக் கூட்டிக் கேட்டாங்க.  தெனம் பாத்த மனுஷன், கூட உக்காந்து டீ குடிச்ச மனுஷன், ஒருத்தனுக்கும் அவரு மொகம் தெரியல! "மச்சம் ஒண்ணு உண்டு"ன்னான் ஒருத்தன், "அது அவரு தம்பிக்கு"ன்னான் இன்னொருத்தன், கண்ணு கொஞ்சம் சின்னதுன்னாங்க, பெருசுன்னாங்க, இடது பக்கம் அவருக்குக் காது உண்டாங்கிற வரைக்கும் சந்தேகம் வந்துட்டுது. பாக்கியநாதன் தலையில அடிச்சுக்கிட்டாரு. மனுஷனை உள்ளபடி பாக்கேன்னு சொன்ன ஆளு அவரு, அவருக்கும் ஞாபகம் இல்லை.

மதினி எந்திரிச்சு நேரா என் முன்னால வந்து நின்னாவ.

"பேச்சிமுத்து, நீரு தொட்ட மொகம். உமக்குத் தெரியாம இருக்காது. சொல்லும்."

பாக்கியநாதன் ஓடி வந்தாரு. "ஆமா வே! நீரு உள்ள கையை வச்சுத் தடவித் தடவிச் சொல்லும், நான் பக்கத்துல இருந்து பென்சிலால ஏத்துதேன். ரெண்டு நாள் ஆனாலும் சரி, மூணு நாள் ஆனாலும் சரி, கையை எடுக்காம இரும்."

மூணு நாள்! ஒரு நிமிசத்துக்கே நகம் போச்சு. நான் என் கையைப் பாத்தேன். கூட்டம் முழுக்க என்னைப் பாத்துது. அண்ணாச்சி அந்த ஒத்தைக் கண்ணால என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. 

"எனக்கு என்ன தெரியும் மதினி"ன்னேன். "கத்தி போற பாதையை யாரு பாத்தா? மனுஷ மொகம்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

அண்ணாச்சி கண்ணைத் தாழ்த்திக்கிட்டாரு. ஆனா பாக்கியநாதன் அந்தப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தானேன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருட்டறைக்குள்ள ஓடினாரு. கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சு எடுத்தா வலது பக்கம் இடது பக்கமா விழும், அது அவரு தொழில்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீதி இருந்த வலது பாதியை நேரா ஒரு படம், திருப்பி ஒரு படம் எடுத்து, தூரிகைக் கோட்டோட வெட்டி, பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ஒட்டின படத்தைத் திருப்பியும் படம் எடுத்து முழு மொகமாக்கிட்டாரு. அது ஈரம் காஞ்ச மறுநிமிசம் வெளிய "ஆ"ன்னு ஒரு சத்தம். நாங்க ஓடிப்போயிப் பாத்தா, அண்ணாச்சி மொகத்துல இருட்டு இல்லை.

ஊரே வேட்டுப் போட்டுது. ரெண்டு கண்ணு, ரெண்டு கன்னம், தழும்பு இல்லை, குழி இல்லை, மச்சம் இல்லை, நாடகத்துல ராசபார்ட்டு வேசம் போட்ட மாதிரி அப்படி ஒரு லட்சணம். "இதானேய்யா நம்ம கோமதிநாயகம்! இதே மொகந்தான்!"னு எல்லாரும் சொன்னாங்க, சொல்லச் சொல்ல அதுதான் நெசம்னு ஆயிட்டுது. மதினி கிட்ட வந்து அவரை ஏறிட்டுப் பாத்தாவ. வலது பக்கத்தைப் பாத்தாவ, இடது பக்கத்தைப் பாத்தாவ, திருப்பியும் வலது பக்கத்தைப் பாத்தாவ. பொறவு பழையபடி தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. அதுக்கப்புறம் அவுக நிமிந்து நான் பாக்கல.

பழைய கண்ணாடித் தகட்டைக் கடலோரப் பாறையில கொண்டு போட்டு ஒடைக்கணும்னு ஊருல முடிவாச்சு. மேளத்தோட போனாங்க. தகட்டைத் தூக்கிப் பிடிச்சப்போ அதுல வெயில் பட்டு, அந்த வெறும் பாதி வழியாக் கடல் தெரிஞ்சுது. "நிறுத்துங்க, எனக்குத் தெரியும், தழும்பு இருக்கு, மச்சம் இருக்கு"ன்னு தொண்டை வரைக்கும் வந்துது. சத்தியமா வந்துது. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கையில நான் எப்படி? ஒடைச்சுட்டாங்க. அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகல. வாங்கின மூச்சை ஊரு அப்பத்தான் விட்டுது.

அந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி கடைக்கு வந்தாரு. நாக்காலியில சாஞ்சு உக்காந்தாரு. நான் துண்டைப் போத்தி, வலது பக்கம் முடிச்சுட்டு, இடது பக்கத்துக்கு வந்தேன். பளபளன்னு கன்னம், முந்தாநாள் சவரம் பண்ணின மாதிரி. வேலையே இல்லை, சும்மா ஒரு தடவை கத்தியை ஓட்டி விடுவோம்னு கையை வச்சேன்.

சில்லுனு இருந்துது.

கண்ணுக்கு வழவழன்னு தெரியுத எடத்துல என் கையில தாடி தட்டுப்பட்டுது, பத்து வாரத்துத் தாடி, ஒரு அங்குல நீளத்துக்கு.  கத்தியை வச்சு இழுத்தேன், ஒண்ணுமில்லாத எடத்துலருந்து மயிரு கறுப்பும் வெள்ளையுமா அவரு மடியில விழுந்துது. தாடையில குழி. காதோரத்துல மச்சம், ரெண்டு மயிரு. எல்லாம் இருந்த எடத்துலதான் இருந்துது. அது மேல நாங்க ஊரு கூடி ஒரு மொகத்தை ஒட்டி மூடி வச்சிருந்தோம்.

"அந்தப் பக்கம் இன்னும் இருட்டாத்தாம் வே இருக்கு"ன்னாரு அண்ணாச்சி, மெதுவா, தெருவுக்குக் கேக்காம.

"அண்ணாச்சி…"

"நீ தொட்டா மட்டுந்தான் அங்க கன்னம் இருக்கிறது தெரியுது. முதல்ல தொட்ட அன்னைக்கே தெரிஞ்சுது."

 "அப்புறம் ஏன் அண்ணாச்சி கூட்டத்துல சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைச் செருப்பால அடிச்சாவது கையை வைக்கச் சொல்லியிருப்பாங்களே!"

"உன் நகத்தைப் பாத்தேன். பிள்ளைக்காரன், கையை நம்பிப் பொழைக்கிறவன், நான் எப்படிவே கேப்பேன்?"

அப்படிச் சொல்லிட்டு அவரு கண்ணாடியைப் பாத்து லேசாச் சிரிச்சாரு. கண்ணாடியில ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருந்துது, காஞ்சு, தெளிவா. ஆனா கண்ணுக்குக் கீழ, தழும்பு மேல இருந்த என் பெருவெரல் ஈரமாச்சு.

இதெல்லாம் நடந்து வருஷம் இருபதாச்சு. பாக்கியநாதன் ஊரை விட்டுப் போயிட்டாரு. என் இடது கை இப்ப மணிக்கட்டு வரைக்கும் கறுத்துப்போச்சு, கேக்கிறவங்ககிட்ட மயிருக்குப் போடுத சாயம்னு சொல்லுதேன். பயம் போயிட்டுதான்னு கேக்காதீங்க, போகல. புதனும் சனியும் அண்ணாச்சி வந்து உக்காருதாரு. ஊரு பாக்குத மொகத்துக்கு முதல்ல பண்ணுதேன், பொறவு அந்தக் கன்னத்துக்குப் பண்ணுதேன். மச்சத்து மயிரை வெட்டாம விட்டுருதேன். தழும்புகிட்டப் போனதும் வெரலால தொடைச்சு விடுதேன், திருப்பியும் ஈரமாகுது, திருப்பியும் தொடைக்கேன்.